மருட்கையும் அழுகையும்: "2.0" திரைப்படம் – ஒரு மறுநோக்கு

ஒரு நூலை முதன்முறை கற்குங்கால் கதை நம்மை இழுத்துச் செல்லும். மீட்டும் கற்குங்கால் நாம் ஆங்காங்கே நின்று வினவத் தொடங்குவோம். பழைய உரையாசிரியர்கள் ஒரே செய்யுளிடத்துப் பலகாலும் திரும்பிச் சென்றமைக்கு இதுவே காரணம். செய்யுளுக்குப் பொருந்தும் இவ்வழக்கம் திரைப்படத்துக்கும் பொருந்துமோ என வினவுவார் உளர். பொருந்தும் என்பதே என் துணிபு. நம் மாணவர் ஓராண்டில் வாசிக்கும் நூல்களையும் பார்க்கும் படங்களையும் எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்போமாயின், படத்தை ஒதுக்கிவிட்டு அவர்களோடு சுவைபற்றிப் பேசுவது ஆகாத காரியமென்பது தெளிவாகும். ஆகவே இச்சிறப்பு மலரில் ஒரு காப்பியத்தைப் பற்றி எழுதுவதை விடுத்து, ஒரு விஞ்ஞானக் கதைப்படத்தை, அதிலும் குறைபல உடைய தொடர்ப்படம் ஒன்றை, எடுத்துக்கொண்டமைக்குப் பழைய மாணவப் பெரியோர் முனியாதிருக்க வேண்டுகிறேன்.

படத்தின் பெயர் "2.0". ஷங்கரின் நெறியாள்கையில், ரஜினிகாந்தும் வட இந்திய நடிகர் அக்ஷய் குமாரும் நடிக்க, ஏ. ஆர். ரகுமானின் இசையோடு 2018 நவம்பர் 29இல் வெளிவந்தது. 2010 ஒக்டோபர் 1இல் வெளிவந்த "எந்திரன்" என்னும் படத்தின் தொடர்ச்சி இது. முதற்படத்தின் உரையாடலில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்குண்டு. அவர் அப்படம் வெளிவருமுன்னரே, 2008இல், மறைந்தார். இரண்டாம் படத்துக்கு உரையாடல் எழுதியவர் ஜெயமோகன். முப்பரிமாணக் கருவிகளைக் கொண்டே நேராகப் படம் பிடிக்கப்பட்டமையும், அதுகாறும் தமிழ்த்திரை கண்டிராத பெரும் பொருட்செலவும் அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டன.

எந்திரனை மறந்தார்க்காகச் சில சொற்கள். வசீகரன் என்னும் விஞ்ஞானி, சிட்டி என்னும் இயந்திர மனிதனைப் படைக்கிறான். தீப்பற்றிய கட்டடத்திலிருந்து, குளித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியைச் சிட்டி அவள் இருந்த கோலத்திலேயே பலர் முன்னிலைக்குத் தூக்கி வருகின்றது. அவள் நாணம் தாங்காது ஓடி, வாகனத்தில் மோதி இறக்கிறாள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. பின்னர் அதற்கு உணர்ச்சி ஊட்டப்படுகின்றது. உணர்ச்சி வந்ததும் காதல் வருகின்றது. காதலோடு பொறாமையும் வஞ்சமும் வருகின்றன. ஈற்றில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புக்களைத் தானே கழற்றிவைக்கின்றது. ஆரவாரங்களை எல்லாம் கழித்தாலும், அறிவுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா அப்படத்தில் எஞ்சும். தொடர்ப்படத்தைக் கண்டோர் தம் மனத்தில் வைத்திருந்த அளவுகோல் இதுவே.

அவ்வளவுகோலால் அளந்தபோது 2.0 குறைவுபட்டது. நான் அதனை முதலிற் கண்டது கொழும்பில், கறுப்புக் கண்ணாடி அணிந்து. படம் முடிந்து வெளியே வந்தோர் யாவரும் ஏறக்குறைய ஒரே வாசகத்தையே மொழிந்தனர்: காட்சி பெரிது, கதை சிறிது. அக்கணிப்புக்கு ஆதாரம் உண்டு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை, அதாவது வியப்பு, நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பர். முன் காணாதது புதுமை. அளவிறந்தது பெருமை. மிக நுண்ணியது சிறுமை. ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல் ஆக்கம். இந்நான்கையும் ஒருங்கே விளக்க நான் பல்லாண்டு எடுத்துக்காட்டுத் தேடியதுண்டு. 2.0 அவற்றை வரிசையாகவே கொண்டுவந்து நிறுத்துகின்றது. சென்னை மாநகரத்தார் கைகளிலிருந்த தொலைபேசிகள் யாவும் பிடுங்கப்பட்டு வானிற் பறப்பது புதுமை. அவை பல்லாயிரமாய்த் திரண்டு ஒரு மாபெரும் பறவையாவது ஆக்கம்; அப்பறவை கட்டடங்களுக்கு மேலாக எழுந்து நிற்பது பெருமை. இறுதியில் விரலளவே உள்ள இயந்திர மனிதர் கூட்டங்கூட்டமாக வருவது சிறுமை. மருட்கைக்கு இலக்கணம் வகுத்துக்கொண்டு எடுத்த படம்போலவே தோன்றும். ஆனால், ஒரு சுவையே முற்ற நின்று ஏனையவற்றுக்கு இடங்கொடாதபோது காண்போர் நெஞ்சம் களைப்படைகின்றது. விருந்தில் பாயசத்தை மட்டும் ஐந்து முறை பரிமாறினாற் போல.

சென்ற ஆண்டு வஹகோட்டையில், வீட்டுத் தொலைக்காட்சியில், உயர்தர வகுப்பு மாணவர் நால்வரோடு அப்படத்தை இரண்டாம்முறை பார்த்தேன். சிறிய திரை, கண்ணாடி இல்லை, மின்விசிறியின் ஓசை வேறு. முப்பரிமாணம் தரும் மருட்கையில் முக்காற்பங்கு இவ்வாறு கழிந்துவிட்டது. கழிந்தபின் எஞ்சியது எது என்று பார்த்ததுதான் இக்கட்டுரைக்கு வித்து. எஞ்சியது அழுகை.

படத்தின் முதற்காட்சியை எடுத்துக்கொள்வோம். முதியவர் ஒருவர் கைத்தொலைபேசிக் கோபுரம் ஒன்றில் ஏறித் தூக்கிட்டு உயிர்துறக்கிறார். முதன்முறை பார்ப்போனுக்கு அவர் யாரோ ஒருவர். கதை அவரை விட்டுவிட்டு விஞ்ஞானிகளின் ஆய்வுகூடத்துக்கு விரைகின்றது. பார்ப்போனும் உடன் விரைகின்றான். இரண்டாம்முறை பார்ப்போனுக்கோ அவர் பட்சிராஜன். பறவைகளுக்காகவே வாழ்ந்த பேரறிஞர். அவர் கோபுரத்தில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அப்பொழுது கனக்கின்றது. அவ்வாறே தொலைபேசிகளால் முதலிற் கொல்லப்படும் மூவரும், அதாவது தொலைபேசி வணிகன், நிறுவன முதலாளி, அமைச்சர் ஆகியோர், முதற்பார்வையில் பேய்க்கதைக்கு வேண்டிய பலிகள் மட்டுமே. இரண்டாம் பார்வையில், முதியவரின் மன்றாட்டைக் கேட்டும் கேளாதிருந்தோர் இவர்களே என்பதை நாம் முன்கூட்டியே அறிவோம். கதையைப் பின்முன்னாக அடுக்கியதால் நெறியாளர் ஒரு புதிரை ஈட்டினார்; ஆனால் அப்புதிரின் பொருட்டு, தம் படத்தில் மிக உயர்ந்த பாத்திரத்தை முதற்பாதி முழுதும் முகமற்ற பூதமாக்கி விட்டார். மறுமுறை காண்போன்தான் அந்த முகத்தைத் தொடக்கத்திலிருந்தே காண்கிறான்.

இடைவேளைக்குப் பின்வரும் பட்சிராஜனின் முன்கதையே படத்தின் நெஞ்சம். பறவைகள் காரணமின்றி வீழ்ந்து மடிகின்றன. கோபுரங்களின் கதிர்வீச்சே காரணம் என்று அவர் முடிவுசெய்கிறார். போராட்டம் நடத்துகிறார், வழக்காடுகிறார், ஆள்வோரிடம் செல்கிறார், யாரும் செவிசாய்க்கவில்லை. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் இழவும் இளிவும் அடங்கும். தமக்குரியாரை இழத்தல் இழவு. பிறரால் எள்ளப்படுதல் இளிவு. பட்சிராஜனுக்குப் பறவைகள் மடிந்தது இழவு. அதனைச் சொல்லச் சென்ற இடமெல்லாம் நகைக்கப்பட்டது இளிவு. இழவு ஒன்றே நேர்ந்திருப்பின் அவர் அழுது தீர்த்திருப்பார். இளிவும் கூடியதனால் அழுகை வெகுளியாய்த் திரிகின்றது. வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய குடிகோள், தன்னைச் சார்ந்தோருக்குப் பிறர் இழைக்கும் கேட்டைக் குறிக்கும் என்பதை மாணவர் ஈண்டு நினைவிற் கொள்வாராக. அக்ஷய் குமார் முதுமைக் கோலத்தில் இவ்விரண்டனையும் மிகையின்றிக் காட்டியிருக்கிறார். மிகையே வழக்காகிய ஒரு படத்தில் இஃது அரிய செயல்.

அப்பகுதியில் வரும் பாட்டுக்குப் "புள்ளினங்காள்" என்று பெயர். எழுதியவர் நா. முத்துக்குமார். அவர் 2016 ஓகஸ்டில், இளவயதிலேயே, மறைந்தார். படம் திரைக்கு வந்ததைக் காணவில்லை. பாடியோருள் ஒருவராகிய பம்பா பாக்கியாவும் 2022இல் காலமானார். புள் என்னும் பழஞ்சொல்லை இக்காலத்திற் செய்யுள் படிப்போரே அறிவர். அதனோடு "காள்" என்னும் பன்மை விளியுருபையும் சேர்த்துக் கோடிக்கணக்கானோர் வாயில் வைத்த பெருமை அப்பாவலரைச் சாரும். என் வகுப்பில் விளிவேற்றுமை கற்பிக்கும்போது இச்சொல்லைச் சொன்னால் மாணவர் எவரும் விழிப்பதில்லை.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். பட்சிராஜன் கூறும் காரணம் உண்மைதானா?

கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வீசும் அலைகள் அயனாக்கும் ஆற்றல் அற்றவை. நாட்டிற் குருவிகள் குறைந்தமைக்கு அவைதாம் காரணம் என்று நிறுவிய ஆய்வு ஏதும் இல்லை. பெருநகரங்களிற் சிட்டுக்குருவி குறைந்தது மெய்யே; ஆனால் 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலைபற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்குமிடத்து அதன் தொகை பெரிதும் மாறவில்லை என்றே கணித்தது. ஓட்டுக்கூரையும் சுவர்ப்பொந்தும் போயின. கொங்கிறீற்றுத் தட்டுக்கூரை வந்தது. பூச்சிநாசினியால் புழு பூச்சி அருகின, குஞ்சுக்கு இரையில்லை. வீட்டு முற்றத்தில் நெல் உலர்த்துவாரும் குறைந்தனர். நம் ஊர்ப்பக்கத்தில் வீட்டிறப்பிற் குருவிக்கென்று சிறு முட்டி கட்டித் தொங்கவிடும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. அது அருகியதற்கும் கோபுரத்துக்கும் தொடர்பில்லை. எதிர்ச்சான்றும் நம் கண்முன்னே உண்டு. கோபுரங்கள் பெருகிய அதே ஆண்டுகளில் இலங்கையில் மயில்கள் பெருகின. மயில் பயிரை அழிக்கின்றது என்னும் முறையீடு வலுத்து, 2025 மார்ச் 15இல் நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கு, அணிலோடு மயிலையும் எண்ணிக் கணக்கெடுத்தனர். கதிர்வீச்சுக்கு மயில்மேல் மட்டும் தனிப் பரிவு இருக்க நியாயமில்லை.

ஆயினும் மின்காந்த அலைகளுக்கும் பறவைகளுக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்வதும் தகாது. ஜேர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று, வலசைபோகும் ஒரு சிறு பறவை புவியின் காந்தத்தைக் கொண்டு திசையறியும் ஆற்றலை நகரத்து மின்காந்த இரைச்சல் கெடுக்கின்றது என்று காட்டியது. கூண்டிருந்த குடிலைச் சுற்றி உலோகத் தகட்டினால் தடுத்தபோது, பறவைகள் மீண்டும் திசையறிந்தன. ஆனால் அங்கே குற்றவாளியான அலைகள் கைத்தொலைபேசியின் அலைகளல்ல. அவற்றினும் மிகத் தாழ்ந்த அலைவெண் உடையவை. மடிவிப்பது வேறு, திசை மயக்குவது வேறு. மெய்யான விஞ்ஞானத்திலேயே இத்துணை வியப்புக்குரிய செய்தி இருக்க, கதையாசிரியர் அதன் பக்கம் செல்லாதது இழப்பு என்றே கருதுகிறேன்.

காரணம் தேடுவது எத்துணைப் பொறுமை வேண்டும் பணி என்பதற்குக் கழுகுகளின் கதை சான்று. 1990களிலிருந்து தென்னாசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பலரும் பல காரணங் கூறினர். ஈற்றில் 2004இல் வெளியான ஆய்வு, மாடுகளுக்கு நோவு தணிக்கக் கொடுக்கும் டைக்குளோபெனாக் என்னும் மருந்தே காரணம் என்று நிறுவியது. அம்மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதுற்றது. 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் அதனைக் கால்நடைக்கு வழங்குவதைத் தடைசெய்தன. இறந்த பறவையைக் கையிலேந்தி, கோபுரத்தையோ வேறொன்றையோ சட்டென்று சுட்டாமல், சடலத்தைத் திறந்து பார்த்தோர் கண்டறிந்த உண்மை இது. பட்சிராஜன் இதனைச் செய்திருப்பின் படம் வேறாயிருக்கும். பறவையறிஞர் ஒருவரைப் படைத்துவிட்டு, அவர் ஆய்வு செய்வதை விரிவாகக் காட்டாமல், அவர் கண்ணீரை மட்டும் காட்டியதே படத்தின் மூலக்குறை.

பட்சிராஜனின் தோற்றம் சாலிம் அலியை நினைவூட்டுவதென்று படம் வந்த காலத்திலேயே பலர் எழுதினர். 1896இற் பிறந்து இந்தியாவின் பறவை மனிதரெனப் போற்றப்பட்ட அப்பெரியார் 1987இல் மறைந்தார். இந்தியாவில் முதற் கைத்தொலைபேசி அழைப்பு நிகழ்ந்தது 1995இல். (நம் நாடு இவ்விடயத்தில் முந்திக்கொண்டது, இங்கே 1989இலேயே அச்சேவை தொடங்கிற்று.) சிறுவயதில் தான் சுட்டு வீழ்த்திய குருவியொன்று இன்னதென்று அறிய, அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்றதிலிருந்தே தம் வாழ்வின் பாதை திறந்ததாக அவர் எழுதியிருக்கிறார். ஐயம் எழுந்தபோது எடுத்துச் சென்று கேட்ட சிறுவன் அவர். அத்தகையவரின் சாயலைப் பூண்ட பாத்திரம், கேளாமலே தீர்ப்பெழுதியது பொருந்தவில்லை.

இத்தொடர்பில் இரு செய்திகள். படம் வெளிவருமுன், இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம், தொலைபேசியைப் பற்றிப் பொய்யான அச்சத்தைப் பரப்புகின்றது என்று தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. படத்தைத் தயாரித்த லைக்கா நிறுவனமோ கைத்தொலைபேசிச் சேவையாற் செல்வம் ஈட்டிய நிறுவனம். அதன் தலைவர் சுபாஸ்கரன் அல்லிராஜா இலங்கையிற் பிறந்த தமிழர். தொலைபேசியைத் தீயதெனக் காட்டும் படத்துக்குத் தொலைபேசியே பொருளீந்தது. இதனை முரண் என்பதா, பெருந்தன்மை என்பதா, வாணிகம் என்பதா? மூன்றும் என்றுதான் எனக்குத் தோன்றுகின்றது. கதிர்வீச்சின் அளவைக் குறைக்க வேண்டும் என்னும் பட்சிராஜனின் கோரிக்கையைப் பொறுத்தவரை, படம் வருவதற்கு ஆறாண்டு முன்னரே, 2012 செப்ரெம்பரில், இந்திய அரசு அனுமதிக்கப்பட்ட அளவைப் பத்திலொன்றாக்கி விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காரணம் பிழையெனின் அழுகையும் பொய்யாகுமோ? ஆகாது. பறவைகள் குறைவது மெய். யாரும் செவிசாய்ப்பதில்லை என்பதும் மெய். சுட்டுவிரல் மட்டுமே தவறான திசையிற் சுட்டுகின்றது. ஆயினும் அத்தவறு சிறிதன்று. கோபுரத்தைப் பழித்துவிட்டு வீடு திரும்பும் மாணவன், தன் வீட்டு மாவின் மேல் தெளிக்கும் மருந்தைப் பற்றி ஒருபோதும் எண்ணமாட்டான். எளிதில் அகப்படும் ஒரு பகைவனைக் காட்டிக் கொடுப்பதால் படம் தன் அக்கறைக்கே கேடு செய்துகொள்கின்றது.

பட்சிராஜன் இறந்தபின் அவருடைய உயிராற்றல் பறவைகளின் உயிராற்றலோடு கலந்து தீயாற்றலாகின்றதென்றும், அதனை நல்லாற்றலால் முறியடிக்கலாமென்றும் வசீகரன் விளக்குகிறான். விஞ்ஞானம் என்னும் பெயரால் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முறையிட்டும் நீதி கிடையாது மாண்டவர் ஆவியாய் வந்து பழிவாங்குதல் நம் நாட்டார் கதைகளிற் பழக்கப்பட்ட ஒன்று. பேய்க்கதை என்று ஒப்புக்கொண்டே எடுத்திருந்தால் யாரும் குறைகூறியிரார். எமி ஜாக்சன் ஏற்ற நிலா என்னும் இயந்திரப் பெண்ணுக்கும், முற்படத்து போராவின் மகனெனப் புகுத்தப்பட்ட வில்லனுக்கும் கதையில் உண்மையான வேலை ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றி மேலும் சொல்லவேண்டியதும் இல்லை. சிட்டியின் நிலைதான் இரங்கத்தக்கது. முற்படத்தில் வினாவாக நின்றது, பிற்படத்திற் கருவியாகிவிட்டது. உணர்ச்சி பெற்று, அதனாற் கெட்டு, தன்னைத்தானே கழற்றிவைத்த ஒன்று மீண்டும் எழுப்பப்படும்போது ஒரு சொல்லாவது தன் பழைய நிலைபற்றிப் பேசவேண்டாமா?

இறுதிப் போர் முதன்முறை பார்க்கையிற் கண்ணுக்கு விருந்து. மறுமுறை பார்க்கையில் அதுவே நெஞ்சை உறுத்துகின்றது. விளையாட்டரங்கிற் சிட்டி தோற்கின்றது. அப்போது விரலளவு இயந்திர மனிதர் புறாக்களின் முதுகில் ஏறிவருகின்றனர். அப்புறாக்களைக் கொல்வோம் என்று அச்சுறுத்தியே பட்சிராஜனின் கையைக் கட்டுகின்றனர். பறவைக்குத் தீங்கு வருமென்று அஞ்சி அவர் தாக்காது நிற்கிறார், நின்றதனால் வீழ்கிறார். புறாவொன்றைக் காக்கத் துலாத்தட்டில் தன் உடலையே வைத்த சிபியின் கதையைத் தமிழர் சோழர் குலத்தின் புகழாகப் போற்றிவந்தனர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் மறந்திலர். அம்மரபில் வந்த கதையொன்றில், புறாவைப் பிணையாக வைத்தவர் நாயகரும், புறாவுக்கு இரங்கியவர் பகைவரும் ஆகின்றனர். நெறியாளர் இதனை உணர்ந்தே வைத்தாரா, வியப்பின் வேகத்தில் வைத்தாரா என்பது படத்தைக் கொண்டு துணியக்கூடியதன்று. உணர்ந்து வைத்திருப்பின் அதற்குரிய ஒரு நொடி மௌனமாவது அங்கே இருந்திருக்கும். இருப்பது குட்டி இயந்திரத்தின் கேலியும் அரங்கத்தின் ஆரவாரமுமே.

என்னோடிருந்து பார்த்த மாணவருள் ஒருவர், ஐந்தாம் வகுப்பிற் படிக்கும்போது இப்படத்தைக் கண்டு அந்தக் குட்டி இயந்திரங்களுக்காகக் கைதட்டியவர். இம்முறை அவ்விடத்திற் கைதட்டவில்லை. "சேர், இரக்கப்பட்டபடியால்தானே அவர் தோத்தவர்?" என்று மட்டும் கேட்டார். ஏனைய மூவரும் அவரோடு வாதிட்டனர். அரங்கில் அடைபட்டிருந்த பல்லாயிரவரைக் காக்க வேறு வழி எது என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. பல்லாயிரம் மக்களின் உயிரை ஒரு தட்டிலும் சில புறாக்களை மறுதட்டிலும் வைத்தால் எவரும் எளிதில் விடைசொல்லிவிடலாம். விடை சொல்பவனுக்கு அத்தட்டின் கனம் தெரிகின்றதா என்பதே வேறுபாடு. சிட்டிக்குத் தெரியவில்லை. தீயிலிருந்து அப்பெண்ணைத் தூக்கிவந்த நாளிலும் அதற்குத் தெரிந்திருக்கவில்லை. முற்படம் அறியாமையென்று காட்டியதைப் பிற்படம் வெற்றியென்று காட்டுகின்றது.

போர் முடிந்தபின், மருத்துவமனையிற் கிடக்கும் வசீகரன், பட்சிராஜன் சொன்னதில் நியாயமுண்டு என்றும், தொலைபேசிக் கதிர்வீச்சுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் அமைச்சரிடம் கூறுகிறான். முதற்காட்சியிற் கோபுரமேறிய முதியவர் உயிரோடிருந்து கேட்க விரும்பிய சொற்கள் அவை. கொழும்பிற் படமாளிகையில் அவ்வுரையாடல் நடந்துகொண்டிருக்கையிலேயே விளக்குகளை ஏற்றிவிட்டனர். பாதிப்பேர் எழுந்து தம் தொலைபேசிகளை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தனர். வஹகோட்டையில் நால்வரும் அதனை இறுதிவரை கேட்டனர்.